பாழ்பட்ட கிணறும் உயர்ந்த மாளிகையும்

திருமறையின் 22ஆவது அத்தியாயமாகிய அல்ஹஜ்ஜில், 45ஆவது திருவசனத்தில், வல்ல அல்லாஹ் இரண்டு பொருள்களை நம் கண்முன் நிறுத்துகிறான். ஒன்று, நீர் இறைப்பாரின்றிக் கைவிடப்பட்ட கிணறு. மற்றொன்று, குடியிருப்பாரின்றி நிற்கும் உயர்ந்த மாளிகை. அநீதியிழைத்த ஊர்கள் அழிந்துபட்ட செய்தியைக் கூறும்போது இவ்விரண்டையும் அவன் எடுத்துக்காட்டுகிறான். அடுத்த வசனத்திலேயே, இம்மக்கள் பூமியில் பயணம் செய்து பார்க்கவில்லையா என்று வினவுகிறான். பார்த்திருந்தால் உணரும் இதயமும் கேட்கும் செவியும் அவர்களுக்கு வாய்த்திருக்கும் என்கிறான். பார்வை இழப்பவை முகத்திலுள்ள கண்களல்ல, நெஞ்சத்திலுள்ள இதயங்களே என்றும் எச்சரிக்கிறான்.

வாசகப் பெருமக்களே! இத்திருவசனங்களை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ரமலான் இரவுகளில் ஹாபிஸ்கள் ஓதக் கேட்டிருக்கிறோம். ஆனால், பயணம் செய்து பார்க்கவில்லையா என்ற கேள்வி நம்மை நோக்கியும் கேட்கப்படுகிறது என்று என்றைக்காவது எண்ணியிருக்கிறோமா? ஆது, ஸமூது கூட்டத்தாரின் நாடுகளுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நம் ஊரிலேயே கிணறும் இருக்கிறது, மாளிகையும் இருக்கிறது. பார்க்கும் இதயம் மட்டுமே வேண்டும்.

பொன்மலையில் வாழும் என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அன்று கண்டவற்றையும், கண்டபின் என் நெஞ்சை உறுத்திய ஒன்றையும் உங்களிடம் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்ப்பது ஆகுமா?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிலைகள் வைக்கப்பட்டிருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒரு முஸ்லிம் போகலாமா என்று சிலர் கேட்கின்றனர். செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அளித்த அடிப்படை. வணங்குவதற்காகச் செல்வது வேறு. சென்றுபோன சமுதாயங்களின் வாழ்வையும் வீழ்ச்சியையும் கண்டு படிப்பினை பெறுவதற்காகச் செல்வது வேறு.

ஹஜ்ரத் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 20ஆம் ஆண்டையொட்டி எகிப்தை வென்றபோது, பிர்அவ்ன்களின் பிரமிடுகளும் பெருஞ்சிலைகளும் அங்கே இருந்தன. இன்றும் அவை இருக்கின்றன. பக்தாதைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீப் அல்பக்தாதி (1162–1231) எகிப்துக்குச் சென்று அவற்றையெல்லாம் நேரில் கண்டு ஒரு நூல் எழுதினார். அந்நூலின் பெயரிலேயே ‘இஃதிபார்’, அதாவது படிப்பினை பெறுதல், என்ற சொல்லை வைத்தார். பழங்காலச் சின்னங்களைப் பாதுகாத்து வந்த அரசர்களைப் பாராட்டிய அவர், புதையல் ஆசையால் அவற்றை உடைத்துப் பாழாக்கியவர்களைக் கடிந்துரைத்தார்.

ஆயினும் ஓர் ஒழுக்கம் உண்டு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது, ஸமூது கூட்டத்தார் வாழ்ந்தழிந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்த அண்ணலார் (ஸல்) அவர்கள், அழுதவர்களாகவே அன்றி அவ்விடத்தில் நுழையவேண்டாம் என்று தோழர்களைத் தடுத்தார்கள். அது இறைவனின் தண்டனை இறங்கிய இடம். நாம் காணும் பழைய இடங்களெல்லாம் அத்தகையவை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எனினும், மறைந்துபோனவர்களின் வாசலில் வேடிக்கை மனத்தோடு நுழையலாகாது என்ற பாடம் நமக்கு அதில் உண்டு.

பொன்மலையிலிருந்து

பொன்மலை என்றதும் நம் நினைவுக்கு வருவது ரயில்வே பணிமனைதான். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, 1928ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கிவருகிறது அது. சங்கொலி கேட்டு வேலைக்குப் போன தந்தையரும் பாட்டன்மாரும் நம் குடும்பங்களிலும் பலர் உண்டு. அந்தச் சிறு குன்றைச் சுற்றி ஒரு காலத்தில் இரத்தம் ஓடியது என்பது அங்கே விளையாடும் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது.

நிகழ்ந்தது இதுதான். 1751ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் பதவிக்காக இருவர் மோதினர். ஒருவர் முகம்மது அலி வாலாஜா. மற்றவர் சந்தா சாகிபு. முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணைநின்றனர். திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகைக்கு ஆளான முகம்மது அலி, மைசூர்த் தளவாய் நஞ்சராஜரின் உதவியை நாடினார். உதவினால் திருச்சியையே தருவதாக வாக்களித்தார். உதவி வந்தது. வெற்றியும் வந்தது. ஆனால் வாக்களித்தபடி திருச்சி தரப்படவில்லை. ஏமாற்றப்பட்ட மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தது. அதன் விளைவாக மூண்ட சண்டைகளுள் ஒன்றுதான் 1753ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொன்மலையில் நடந்தது. ஒரு மனிதர் தம் சொல்லைக் காக்கவில்லை. அதற்காக, அச்சொல்லைப் பற்றி ஒன்றுமறியாத சிப்பாய்கள் இக்குன்றின் சரிவில் மடிந்தனர்.

கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள், வாக்குறுதியைப் பற்றி நிச்சயமாக விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இத்திருவசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அன்றைய பயணத்தைத் தொடர்ந்தோம்.

உயர்ந்த மாளிகை

மலைக்கோட்டையின் அருகே, அரசு அலுவலகங்களுக்கு நடுவில், ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. திருச்சி அரசு அருங்காட்சியகம் இப்போது அதில்தான் நடைபெறுகிறது. 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அது, 1997இல் இந்த மகாலுக்கு வந்து சேர்ந்தது. போக விரும்புவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நமக்கும் அது ஜும்ஆவுடைய நாள். எனவே வேறொரு நாளைத் தேர்ந்தெடுப்பதே நலம்.

பெரிய காட்சிக்கூடம் என்று சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரத்தில் சுற்றிவந்துவிடலாம். வெளியே கற்சிற்பங்களை வரிசையாக வைத்திருக்கின்றனர். உள்ளே பழங்காசுகள், படைக்கலங்கள், பாடம் செய்யப்பட்ட பறவைகள், விலங்குகள் ஆகியவை உள்ளன. கல்லாய் உறைந்துபோன பழங்கால உயிர்களின் எச்சங்களும் உண்டு. திருச்சிக்கு அப்பாலுள்ள அரியலூர்ப் பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அங்கே சிப்பிகளும் கடலுயிர்களும் இன்று கல்லாகக் கிடைக்கின்றன. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பாருங்கள் என அன்கபூத் அத்தியாயம் பணிக்கிறதே, அப்பணியின் ஒரு சிறு பகுதியை அக்கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றும் நிறைவேற்றலாம்.

ஆனால் என் கண்ணைக் கவர்ந்தது கட்டிடமே. சொக்கநாத நாயக்கர் தம் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றியபின் 1660களில் எழுந்த கொலுமண்டபம் இது. திருச்சி அரண்மனைக்காக, தம் பாட்டனார் திருமலை நாயக்கர் மதுரையில் ஆசையோடு கட்டிய அரண்மனையின் பகுதிகளையே பிரித்துக் கொண்டுவந்தார் சொக்கநாதர். பாட்டன் கட்டினார், பேரன் பிரித்தார். பேரன் கட்டியதில் இன்று அவர் குலத்தார் ஒருவரும் இல்லை.

தூண்களையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்த்த என் பேரன், “இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினவங்கள்லாம் எங்கே போயிட்டாங்க, நன்னா?” என்று கேட்டான். சிறுபிள்ளையின் கேள்வி. ஆனால் திருமறை நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்வியும் அதுவே.

அவனுக்கு நான் சொன்ன பதிலைச் சற்று விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

சொக்கநாதரின் துணைவியார் ராணி மங்கம்மாள், 1689 முதல் 1706 வரை, சிறுவனாயிருந்த தம் பேரனுக்காக ஆட்சியை நடத்தினார். சாலைகள், சத்திரங்கள் பல அமைத்தார். சமயப் பொறை மிக்கவர். திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு 1701ஆம் ஆண்டில் அவர் ஊர்களை மானியமாக அளித்த செய்தி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஓர் இந்து அரசி நமக்குச் செய்த நன்மை அது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவனே என்ற நபிமொழிப்படி, அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை.

அந்த நன்மைக்கு என்ன கைம்மாறு கிடைத்தது? சொல்லவே நாணமாயிருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

துணியில் பொதிந்த செங்கல்

மங்கம்மாளின் பேரர் விஜயரங்க சொக்கநாதர் 1732இல் மறைந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. அவருடைய அரசி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். உறவினர் எதிர்த்தனர். அந்நிலையில் படையோடு வந்த சந்தா சாகிபிடம் அரசி பாதுகாப்பு நாடினார். அவர் திருக்குர்ஆனின் மீது சத்தியம் செய்து, தீங்கிழைக்கமாட்டேன் என்று உறுதிகூறினார். ஆனால், பட்டுத்துணியில் பொதிந்து அவர் கையிலேந்தியது திருக்குர்ஆன் அல்ல, ஒரு செங்கல் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அச்சத்தியத்தை நம்பிக் கோட்டைக் கதவு திறக்கப்பட்டது. அரசி சிறைப்பட்டார், நஞ்சுண்டு மாண்டார். மதுரை நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது.

அன்பிற்குரியோரே! இக்கதையை மாற்றார் எழுதிய கதை என்று தள்ளிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நம் மார்க்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த நீதி அதுவன்று. உங்களுக்கே எதிராக இருப்பினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும், நீதியை நிலைநிறுத்திச் சாட்சி சொல்லுங்கள் என்று அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் ஆணையிடுகிறான். பெயரளவில் நம்மவர் என்பதற்காக ஒருவரின் பிழையை மறைப்பது அவ்வாணைக்கு மாறானது. அவர் கையிலிருந்தது செங்கல்லே ஆயினும், அரசியின் உள்ளத்தில் அது குர்ஆனாகவே இருந்தது. ஒரு முஸ்லிமின் சத்தியத்தை ஒரு பிறமதப் பெண் நம்பினார். அந்த நம்பிக்கை பாழாக்கப்பட்டது.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். 1752ஆம் ஆண்டு. திருச்சியை முற்றுகையிட்ட சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கின. அங்கிருந்த பெருங்கோயில்களின் மதில்களையே அரணாகக் கொண்டன. ஆலயங்களும் மடங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமல் இறைவன் மனிதரைக் கொண்டே மனிதரைத் தடுத்துக்காக்கிறான் என்று அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆவது வசனம் கூறுகிறது. மக்கள் வழிபடும் இடத்தைப் படைவீடாக்குவது, செய்பவர் யாராயினும், அத்திருவசனத்தின் நெறிக்கு ஒவ்வாது.

உணவு குறைந்தது. உடனிருந்தோர் பிரிந்தனர். தப்பிச்செல்ல வழிதேடிய சந்தா சாகிபுக்குத் தஞ்சைப் படைத்தலைவர் மானோஜி உயிருக்குத் தீங்கில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தார். அதை நம்பி அவர் வெளியே வந்தார். சிறைப்பிடிக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவருடைய தலை வெட்டப்பட்டது. பொய்ச்சத்தியத்தால் கோட்டையைப் பெற்றவர், பொய்ச்சத்தியத்தாலேயே உயிரை இழந்தார்.

முகம்மது அலியேனும் நிம்மதியாக ஆண்டாரா? கும்பெனிக்காரரிடம் கடன் மேல் கடன் வாங்கி, கடனாளியாகவே வாழ்ந்து, 1795இல் சென்னையில் மறைந்தார். 1801இல் கருநாடக நாடு முழுவதையும் கும்பெனி எடுத்துக்கொண்டது. அவர் உடல் பின்னர் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. சந்தா சாகிபின் அடக்கத்தலமும் அதே தர்காவில்தான் உள்ளது. ஒரு நாட்டுக்காகப் போரிட்ட இருவருக்கும் ஒரே வளாகத்தில் ஆளுக்குச் சில முழ மண் போதுமானதாகிவிட்டது. அல்லாஹ் இருவரின் பிழைகளையும் பொறுத்தருள்வானாக!

பெருங்கிணறு

மாளிகையைப் பார்த்தாயிற்று. இனிக் கிணறு. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர்ச் சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை வரும். அங்கே தரையைத் தோண்டி, நான்கு பக்கமும் படிக்கட்டுகள் இறங்க அமைத்த ஒரு கிணறு உண்டு. ஒவ்வொரு படிவழியும் நேரே நீருக்குச் செல்லாமல் ஒரு திருப்பம் திரும்பிச் செல்கிறது. ஆதலால் ஒரு துறையில் நீராடுவோரை மற்றொரு துறையில் இருப்போர் காண முடியாது. பெண்களின் நாணத்தைக் காக்கும் இவ்வமைப்பை நம் இல்லத்தரசியர் பெரிதும் மெச்சுவர்.

இதனைத் தோண்டியவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பியாகிய கம்பன் அரையன் என்பவர். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்தார். ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டு. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். இவற்றையெல்லாம் சொல்வது அக்கிணற்றிலேயே வெட்டப்பட்டுள்ள கல்வெட்டு. அதனுடன் ஒரு தமிழ்ப் பாடலும் வெட்டப்பட்டிருக்கிறது. நிலையில்லாத உலகத்தின்மேல் ஆசைவைத்து நின்றுவிடாமல், முதுமை வந்து உடலைத் தளர்த்துமுன், உண்டதுபோக எஞ்சியதை அறத்துக்கு வைத்துவிடுங்கள் என்பது அப்பாடலின் கருத்து.

அதைப் படித்தறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஐந்து வருமுன் ஐந்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்ற நபிமொழியை மதரஸாவில் படித்தோமே! முதுமை வருமுன் இளமையையும், நோய் வருமுன் உடல்நலத்தையும், வறுமை வருமுன் செல்வத்தையும், அலுவல் சூழுமுன் ஓய்வையும், மரணம் வருமுன் வாழ்வையும் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறினார்களே! நம் மார்க்கத்தை அறியாத ஒருவர், 1200 ஆண்டுகளுக்கு முன், காவிரிக்கு வடகரையில், ஒரு கிணற்றின் கல்லில் அதனை ஒத்த கருத்தை எழுதிவைத்திருக்கிறார். ஞானம் மூமினின் தொலைந்துபோன பொருள், கண்ட இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியோர் கூறுவது இதனால்தான்.

மேலும் எண்ணிப்பாருங்கள். தாயின் பெயரால் எந்தத் தர்மம் செய்வது சிறந்தது என்று ஹஜ்ரத் ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அவரும் கிணறு தோண்டினார். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா என்ற கிணற்றை விலைக்கு வாங்கி மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். மாளிகை கட்டியவருக்குப் பயன்பட்டது, அதுவும் சிலகாலம். கிணறு கட்டியவரைத் தவிர ஊரார் அனைவருக்கும் பயன்பட்டது, பல நூற்றாண்டுகள்.

ஒரு கல்லும் ஒரு பெயரும்

மாலையில் நகருக்குத் திரும்பி, கோட்டை ரயில் நிலையத்தை அடுத்துள்ள சிறு கற்பள்ளிக்குப் போனோம். கல்லுப்பள்ளி என்று மக்கள் அழைக்கின்றனர். வெளியூரிலிருந்து வருவோர் அப்படியொரு பள்ளி இருப்பதே அறியாமல் கடந்துபோவர். மினாராக்கள் வானளாவ நிற்கவில்லை. பழைய மண்டபங்களைப் போன்ற சிறிய கற்கட்டடம்.

அங்குள்ள அரபிக் கல்வெட்டு ஹிஜ்ரி 116 என்று காலம் குறிக்கிறது. கட்டியவர் அப்துல்லாஹ் பின் முஹம்மது அன்வர் என்று பெயரும் சொல்கிறது. ஆங்கில ஆண்டு 734. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்து 105 ஹிஜ்ரி ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அப்போது திமிஷ்கில் உமய்யாக் கலீஃபா ஹிஷாம் பின் அப்துல் மலிக் ஆட்சிபுரிந்தார். காஞ்சியில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவர் அரசாண்டார். அருகிலுள்ள உறையூரோ பண்டைச் சோழர் தலைநகர். அதன் மெல்லிய துணி, கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூலில் இடம்பெறும் அளவுக்குக் கடல்கடந்து புகழ்பெற்றது.

முஸ்லிம்கள் இந்த மண்ணுக்கு அண்மையில் வந்தவர்கள், வாளோடு வந்தவர்கள் என்று எவரேனும் சொல்லும்போது, நாம் கோபப்பட்டுப் பயனில்லை. அந்தக் கல்லைக் காட்டினால் போதும். தொழுவதற்கு ஒரு சிறிய இடம் மட்டுமே கட்டிக்கொண்டு, அண்டை அயலாரோடு வாழ்ந்த மனிதர் ஒருவரின் பெயரை அது சொல்கிறது. அவர் மன்னரா, தளபதியா? கல் அதைச் சொல்லவில்லை. தம் பெயரையும் தந்தை பெயரையும் ஆண்டையும் மட்டும் விட்டுச்சென்றார். அந்த ஒரு கல் இல்லையென்றால், அப்பெயரும் ஆண்டும் நமக்குத் தெரிந்திருக்காது.

என் நெஞ்சை உறுத்தியது

அக்கல்லின் முன் நின்றபோதுதான் என் பழைய குற்றம் ஒன்று நினைவுக்கு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில் நான் இமாமாகப் பணிபுரிந்தேன். பழைய பள்ளிவாசலைப் புதுப்பித்துக் கட்ட ஜமாஅத்தார் முடிவுசெய்தனர். ஹவுளின் படியாகக் கிடந்த ஒரு நீண்ட கல்லில் எழுத்துகள் இருந்தன. தேய்ந்த பழந்தமிழ் எழுத்துகள். இதை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டார். எழுத்துள்ள கல்லை மிதிப்பது சரியில்லை, அஸ்திவாரத்தில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டனர். படித்தவன் நான் ஒருவன் அங்கே நின்றிருந்தேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தபின் போடலாம் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல் மண்ணுக்குள் போயிற்று. அதன்மேல் சுவர் எழுந்தது.

சில ஆண்டுகள் கழித்து, பள்ளிவாசலுக்குரிய ஒரு வக்ஃபு நிலத்தின் எல்லைபற்றி வழக்கு வந்தது. ஊரின் மூத்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், பள்ளிக்கு விளக்கெரிக்க விட்ட நிலத்தோட எல்லை அந்தப் படிக்கல்லுலதான் வெட்டியிருக்குன்னு எங்க பாட்டனார் சொல்வாங்க. அந்தக் கல்லு எங்கே?” என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? கல்லில் அது இருந்ததோ இல்லையோ, அல்லாஹ்வே அறிவான். இனி எவராலும் அறியமுடியாதபடி செய்தவர்களுள் நானும் ஒருவன்.

நயவஞ்சகனின் அடையாளங்கள் மூன்று என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறுவான், நம்பி ஒப்படைத்தால் மோசம் செய்வான். முதலிரண்டுக்கும் சந்தா சாகிபையும் முகம்மது அலியையும் அன்று முழுவதும் நான் பேரனிடம் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாகிய அமானிதத்தைப் பற்றிப் பேச வந்தபோது, எடுத்துக்காட்டு என்னிடமே இருந்தது. அறியாமையால் செய்தது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முன்னோர் ஒருவர் நிலம் விட்டு, அதைக் கல்லிலும் வெட்டிவைத்தது, என்னைப் போன்றவன் அதைப் பாதுகாப்பான் என்று நம்பித்தானே!

செய்யவேண்டியவை

ஜமாஅத்துப் பெரியவர்களே! இன்று ஊர்தோறும் பழைய பள்ளிவாசல்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். தொழுவோர் பெருகுகின்றனர், இடம் வேண்டியிருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் கடப்பாரை விழுமுன் சிலவற்றைச் செய்யுங்கள்.

தூண், படி, நிலை, மிஹ்ராப், கபுறுக்கல் எதிலேனும் எழுத்து இருந்தால், எந்த மொழியாயினும், முதலில் நிழற்படம் எடுங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர்கள். தேய்த்து மெருகேற்றாதீர்கள். கல்லைப் பெயர்த்தே ஆகவேண்டுமென்றால், மிதிபடாத இடத்தில், பார்ப்போர் படிக்கும்படிச் சுவரில் பதித்துவையுங்கள். தமிழ்க் கல்வெட்டைப் படித்துச்சொல்ல மாநிலத் தொல்லியல் துறையினர் இருக்கின்றனர். அரபி, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே மத்தியத் தொல்லியல் துறையின் ஒரு கிளை நாக்பூரில் இயங்குகிறது. அவர்களுக்கு எழுதுங்கள்.

இல்லத்தரசியரே! பரண்மேல் கிடக்கும் பழைய பெட்டியில் பாட்டியார் ஓதிய அறபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கக்கூடும். பழைய வக்ஃபுப் பத்திரம், நிக்காஹ் ஏடு, மரக்கல வாணிகக் கணக்கு இருக்கக்கூடும். செல்லரித்ததென்று கிணற்றிலோ ஆற்றிலோ போடுமுன், படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போது பழங்காசோ பொன்னோ கிடைத்தால், புதையலில் ஐந்தில் ஒன்று பொதுநிதிக்கு உரியது என்ற ரிகாஸ் சட்டத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. புதையல் கண்டவனுக்கு மட்டும் சொந்தமன்று, சமுதாயத்துக்கும் அதில் பங்குண்டு என்பது அதன் கருத்து. நம் நாட்டிலோ 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஒளித்துவைத்து உருக்கிவிடுவது சட்டத்துக்கும் மாறு, அமானிதத்துக்கும் மாறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச்சென்று உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள பழைய இடங்களைக் காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராகிச் செல்லுங்கள். நம்மவர் செய்த நன்மையையும் சொல்லுங்கள், பிழையையும் சொல்லுங்கள். பிறர் நமக்குச் செய்த நன்மையை மறக்காமல் சொல்லுங்கள்.

மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டுப் பொன்மலைக்குத் திரும்பும் வழியில், “அந்தப் படிக்கல்லைத் திரும்ப எடுக்க முடியாதா, நன்னா?” என்று பேரன் கேட்டான். சுவரை இடித்தால்தான் முடியும் என்றேன். “அப்ப, அடுத்த தடவை கட்டும்போது எடுக்கச் சொல்லி எழுதி வெச்சிடுங்க” என்றான். அவன் சொன்னபடியே, எந்த மூலையில், எத்தனை அடி ஆழத்தில் அக்கல் கிடக்கிறது என்பதை நினைவுள்ள அளவுக்கு எழுதி, அவ்வூர் ஜமாஅத்தாருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். எனக்கு இப்போது இயன்றது அவ்வளவே.

வல்ல நாயன் நம் கண்களோடு இதயங்களையும் திறப்பானாக! கொடுத்த வாக்கைக் காப்பவர்களாகவும், ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், பிறர் தாகம் தீர்க்கும் கிணற்றை விட்டுச்செல்பவர்களாகவும் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.